நான் போகாத வார்டு

பி.டி. என்னும் இறையியல் பட்டத்துக்கு விதித்திருந்த நிபந்தனைகளில் ஒன்றை நான் நிறைவேற்றவே இல்லை. நிறைவேற்றியதாக எழுதிக் கொடுத்தேன். அந்தப் பட்டத்தை வைத்துத்தான் உதவிகுருவானேன், குருவானேன், சேகரம் சேகரமாக மாற்றலாகிப் போனேன், இப்போது ஓய்வும் பெற்றுவிட்டேன்.

தமிழ்நாட்டு சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் குருவாக விரும்புகிறவர் வழக்கமாக செராம்பூர் கல்லூரி செனட்டின் பட்டம்தான் வாங்குகிறார். வில்லியம் கேரியும் நண்பர்களும் 1818-ல் வங்காளத்தில் தொடங்கிய கல்லூரி அது. பட்டம் வழங்கும் உரிமையை 1827-ல் டென்மார்க் அரசர் கொடுத்தார். இரண்டு ஏற்பாடுகள், கிரேக்கம், சபைச் சரித்திரம், இறையியல், பிற சமயங்கள், பிரசங்கக் கலை என்று பட்டதாரிகளுக்கும் வருடக்கணக்கில் நீளும் படிப்பு. ஏட்டுப் படிப்பில் நான் குறை வைக்கவில்லை. கிரேக்க வினைச்சொற்களை இரவு விளக்கணைத்த பிறகும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

குறை வைத்தது மருத்துவமனையில். எங்கள் கல்லூரியில் வாரத்தில் ஒரு பிற்பகல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். அங்கே வைத்து எதையும் குறித்துக்கொள்ளக் கூடாது. விடுதிக்குத் திரும்பியதும் அவர் சொன்னது, நான் சொன்னது, இடையில் இருவரும் பேசாமல் இருந்தது, அவர் முகம் மாறியது எல்லாவற்றையும் நினைவிலிருந்து வரிக்கு வரி எழுத வேண்டும். வெர்பேட்டிம் என்போம். ஆசிரியரும் சக மாணவர்களும் அதை வைத்துக்கொண்டு துருவுவார்கள். இந்த இடத்தில் பேச்சை ஏன் மாற்றினீர்? அவர் அழத் தொடங்கியதும் ஜெபிக்கலாமா என்று ஏன் கேட்டீர்? அந்த அழுகையைத் தாங்க முடியாமல் போனது அவருக்கா, உமக்கா?

இப்படி ஒரு பயிற்சிக்கு வழி திறந்தவர்களில் ஆன்டன் பாய்சன் முக்கியமானவர். அமெரிக்கப் போதகர். 1920-ல் மனம் பிறழ்ந்து மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தேறி வந்தவர், 1925-ல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் அரசு மருத்துவமனைக்குள் இறையியல் மாணவர்களை அழைத்துக்கொண்டு போனார். வேதத்தை எவ்வளவு கவனமாகப் படிக்கிறோமோ அவ்வளவு கவனமாகத் துன்பப்படுகிற மனிதரையும் படிக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அந்த நாட்டில் இன்று இந்தப் பயிற்சியின் ஒரு யூனிட் என்பதே குறைந்தது 400 மணி நேரம். வேலூர் சி.எம்.சி.யிலும் இதைக் கற்றுத் தருகிறார்கள். கட்டிலில் கிடந்து அனுபவித்த ஒருவர் நமக்காக உண்டாக்கி வைத்த பாடம் இது. இதைத்தான் நான் பொய்யாக்கினேன்.

முதலில் சில வாரங்கள் போனேன். தீக்காய வார்டில் ஒரு பெண் என்னைக் கூப்பிட்டு, "என் பிள்ளைய இனிமே யாரு பாப்பா, சொல்லுங்க" என்றாள். எனக்கு வாய் திறக்கவில்லை. அவளும் கண்ணை எடுக்கவில்லை. யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் அந்த மருத்துவமனைக்குள் நுழையவில்லை.

எதிர்ப்புற டீக்கடையிலோ நூலகத்திலோ உட்கார்ந்து வெர்பேட்டிம்களை நானே எழுதினேன். சர்க்கரை நோயில் காலை இழந்த ஒரு பெரியவரைக் கற்பனை செய்துகொண்டேன். அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. நான் வசனம் சொல்லச் சொல்ல அவருக்கு ஆறுதல் உண்டானது. நல்ல மதிப்பெண் வந்தது. ஒரு தாளின் ஓரத்தில் மட்டும் ஆசிரியர் பென்சிலால் எழுதியிருந்தார்: இவர் ஒருமுறைகூட ஏன் கோபப்படவில்லை? அவர் கண்டுபிடித்துவிட்டாரோ என்று பயந்தேன். கேள்வியைப் பற்றி யோசிக்கவில்லை.

மனம் உறுத்தும்போது ஒரு சமாதானம் வைத்திருந்தேன். 1733-ல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன் எந்த மருத்துவமனையில் அறிக்கை எழுதினார்? இதைப் பலரிடம் வாதமாகவே சொல்லியிருக்கிறேன். ஆரோன் அதற்கு முன்னால் பல ஆண்டுகள் உபதேசியாராக ஜனங்களின் வீடுகளில் உட்கார்ந்து எழுந்தவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தே விட்டுவிட்டுச் சொன்னேன்.

சேகரத்துக்கு வந்தபின் இதற்கான விலையைச் சபை மக்கள் கொடுத்தார்கள். நோயாளி வீட்டுக்குப் போனால் சங்கீதம், ஜெபம், ஆசீர்வாதம், பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவேன். சுறுசுறுப்பான ஐயர் என்று பெயர். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்று என் முன்னால் கத்தினார். நான் ரோமர் நிருபம் எட்டாம் அதிகாரத்திலிருந்து விளக்கத் தொடங்கினேன். அவருடைய கணவர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயரே, போதும்" என்றார். வெறுப்பாகச் சொல்லவில்லை, கெஞ்சினார். அந்த அம்மா அதற்குப் பிறகு திருவிருந்துக்கு வரவில்லை. நானும் அந்தத் தெருவுக்கு உபதேசியாரை அனுப்பத் தொடங்கினேன்.

இவ்வளவையும் என் பயம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல வழியில்லை.

பட்டம் முடித்த ஒரு தம்பியைத் திருமண்டலம் பயிற்சிக்காக என்னிடம் அனுப்பியது. வாரம் தவறாமல் மருத்துவமனைக்குப் போய் அறிக்கை எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் கொண்டுவந்த தாள்களில் எல்லா நோயாளிகளும் சாந்தமாக இருந்தார்கள். நன்றி சொன்னார்கள். யாரும் கோபப்படவில்லை. இரண்டாவது தாளைப் படிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் திருப்பிக் கேட்பாரே. "திருப்திகரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வருடம் முழுக்கப் போட்டேன்.

அவர் இப்போது பெரிய சேகரம் ஒன்றில் இருக்கிறார். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பவே தெரியுமாய்யா?" என்றார். தெரியும் என்றேன். "ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா நான் போயிருப்பேன்யா" என்றார். பதிலுக்கு விளக்கம் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவர் கோபமாகப் பேசிக்கொண்டே போனார். முடிக்கும்வரை கேட்டேன்.