ஆறு கார்களில் நான்காவது

லாச்சப்பலில் முடி வெட்டப் போனால் அரசியலும் கிரிக்கெட்டும் இலவசம். போன மாதம் கார் ரேஸும் சேர்ந்துகொண்டது. என் பதினொரு வயது மகனின் தலையில் சிவப்பு ஃபெராரி தொப்பியைக் கண்ட ஒரு அங்கிள், "தம்பி, ஃபெராரி ஓடின ஷூமாக்கரோட எங்கட தமிழ்ப் பெடியன் ஒருத்தனும் ஓடினவன், தெரியுமோ? அமெரிக்காவில நாலாவதா வந்தவன்!" என்றார்.

மகனுக்குப் பெருமை தாங்கவில்லை. மெட்ரோவில் ஏறியதும் கைபேசியில் தேடினான். முகம் மாறிவிட்டது. "அம்மா, அந்த ரேஸில ஓடினதே ஆறு கார்தான். அங்கிள் சும்மா விடுறார்."

நானும் சிரித்திருப்பேன். ஆனால் அவன் அடுத்ததாகக் கேட்டது வேறு: "அம்மப்பா சொல்ற கதையளும் உப்பிடித்தானோ?"

என் அப்பா 1984இல் பாரிஸ் வந்து சேர்ந்த கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஒரு கதையில் காற்றடித்திருப்பது தெரிந்தால், பிள்ளைகள் மற்றக் கதைகளையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். அதனால் அன்றிரவு அந்த ரேஸின் கதையை அவனோடு இருந்து முழுதாகவே பார்த்தேன்.

ஃபெராரி என்ற பெயரே போட்டியில் வளர்ந்த பெயர்தான். இத்தாலியின் மொடெனாவில் பிறந்த என்ஸோ ஃபெராரி, 1929இல் தன் பெயரில் ஒரு ரேஸ் அணி தொடங்கியபோது அவரிடம் சொந்தக் கார் இல்லை. அல்ஃபா ரொமேயோ கார்களைத்தான் ஓட்டுவித்தார். 1939இல் அந்த நிறுவனத்தோடு முறித்துக்கொண்டு வெளியேறினார். நான்கு ஆண்டுகளுக்குத் தன் பெயரில் ரேஸ் அணி நடத்தக் கூடாது என்பது நிபந்தனை. ஃபெராரி பெயர் தாங்கிய முதல் கார் 1947இல்தான் வந்தது. 1951 ஜூலை 14, சில்வர்ஸ்டோனில் அவருடைய கார் அல்ஃபாவை முதல்முறை வென்றது. தாயைக் கொன்றுவிட்டது போல் இருந்ததாகப் பின்னாளில் அவர் எழுதினார்.

பிறகு வந்த போட்டி அமெரிக்காவின் ஃபோர்டோடு. 1963இல் ஃபெராரியை வாங்க ஃபோர்ட் பேச்சு நடத்தியது. கடைசி நேரத்தில் என்ஸோ மறுத்துவிட்டார். 1960 முதல் 1965 வரை இங்கே லெ மானில் ஆறு தடவை தொடர்ந்து ஃபெராரிதான் வென்றது. 1966இல் ஃபோர்ட் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. லெ மானை மறுபடி முழுதாக வெல்ல ஃபெராரிக்கு 2023 வரை, 58 ஆண்டுகள் ஆனது. இதையெல்லாம் என் மகன் ஏற்கனவே மனப்பாடமாக வைத்திருந்தான்.

அவனுக்குத் தெரியாதது 2005. அந்த ஆண்டு ஃபெராரிக்கு எதிரி எங்கள் பிரான்ஸின் ரெனோ. அதைவிடப் பெரிய போட்டி டயரில் நடந்தது. ஃபெராரிக்கு ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன், ரெனோவுக்கு நம்மூர் மிஷ்லான். ரேஸ் நடுவே டயர் மாற்றக் கூடாது என்று அந்த ஆண்டு விதி. ஜூன் 19ஆம் தேதி இண்டியானாபொலிஸ் ரேஸ். இரண்டு நாளைக்கு முன் பயிற்சியில், சாய்வான கடைசி வளைவில் டயர் பழுதாகி ஒரு டொயோட்டா கார் சுவரில் மோதியது. அந்த வளைவில் வேகம் குறையாவிட்டால் தங்கள் டயர்கள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றது மிஷ்லான். வேகத்தைக் குறைக்கப் பாதையை மாற்றும்படி அணிகள் கேட்டன, நிர்வாகம் மறுத்தது. இருபது கார்களும் ஒரு சுற்று மெதுவாக வந்தன. மிஷ்லான் போட்ட பதினான்கு கார்களும் அப்படியே உள்ளே திரும்பிவிட்டன. பார்க்க வந்த சனம் கூச்சல் போட்டது. மிச்சம் ஆறு கார். ஷூமாக்கர் முதல், அவருடைய ஃபெராரி தோழர் பரிக்கெல்லோ இரண்டாவது, ஜோர்டான் அணியின் மொண்டெய்ரோ மூன்றாவது. நான்காவது, கோயம்புத்தூரில் வளர்ந்த நாராயண் கார்த்திகேயன். 2005இல் ஃபெராரி வென்ற ஒரே ரேஸும் அதுதான்.

"அப்ப அது பெரிய விஷயமில்லைத்தானே?" என்றான் மகன்.

நான் அவனை அந்த ஆண்டின் முதல் ரேஸைப் பார்க்கச் சொன்னேன். மெல்போர்ன். மழை குழப்பிய தகுதிச் சுற்றுக்குப் பிறகு நாராயண் 12ஆவதாகத் தொடங்கி 15ஆவதாக முடித்தார். ஜோர்டான் அந்த ஆண்டு பின்வரிசை அணி. ஃபோர்முலா வண்ணில் ரேஸ் ஓடிய முதல் இந்தியர் அவர். அப்பாவும் ரேலி ஓட்டியவர். கோயம்புத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பாதைக்கும், 1992இல், பதினைந்து வயதில், இதே பிரான்ஸில் இருந்த வின்ஃபீல்ட் ரேஸிங் பள்ளிக்கும் வந்தவர். அங்கிருந்து மெல்போர்னுக்குப் பதின்மூன்று வருசம். உலகத்துக்கே இருபது இடம். அதில் ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். இண்டியானாபொலிஸில் கிடைத்த ஐந்து புள்ளியும் பொய்யில்லை; 72 சுற்று ஓடி முடித்து எடுத்தது.

மகன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அம்மா, அப்ப நாலாவதை விட அந்தப் பதினைஞ்சாவதுதான் பெரிசு."

எங்கள் பிள்ளைகளுக்குப் பெருமைப்பட ஏதாவது வேண்டும் என்று நாங்கள் தவிக்கிறோம். அந்த அங்கிளும் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வகுப்பில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை "ஆறு கார்தானே" என்று சொன்னால் உடைந்துபோகிற பெருமையைக் கொடுத்து என்ன பயன்? "ஓம், ஆறுதான். ஏனெண்டு சொல்லட்டா?" என்று திருப்பிக் கேட்கத் தெரிந்த பிள்ளையை யாரும் வாயடைக்க முடியாது. இடத்தை மட்டும் சொல்லாமல் ரேஸையும் சொல்லிக் கொடுப்போம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் சாப்பாடு. சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே மகன் கேட்டான்: "அம்மப்பா, நீங்கள் வரேக்க எத்தனை பேர் வெளிக்கிட்டனீங்கள்? எத்தனை பேர் வந்து சேர்ந்தனீங்கள்?"

அப்பா கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். வெளிக்கிட்டது ஒன்பது பேர். பாரிஸ் வந்தது ஐந்து. மற்ற நான்கு பேரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். இத்தனை வருசத்தில் அந்தப் பெயர்களை நான் கேட்டதே இல்லை.