அவளே எடுக்கட்டும்

என் மகள் பிறந்ததும் அழவில்லை. பனிக்குடத் தண்ணீரைக் குடித்துவிட்டாள் என்றார்கள். மூச்சு கொடுத்து, வென்டிலேட்டரில் வைத்தார்கள். அன்று இரவே ஃபிட்ஸ் வந்தது. மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் போனதால் வந்த பாதிப்பு என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தது. அவளுக்கு மூளை முடக்குவாதம் என்பது உறுதியானபோது ஒன்றரை வயது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

இடைப்பட்ட வருடங்களில் நான் நம்பியவை, ஆசைப்பட்டவை எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். இன்றைக்கும் ஏதோ ஒரு ஊரில் ஒரு அம்மா அதே ஆசைகளோடு உட்கார்ந்திருப்பாள்.

முதலில் என்னை அரித்தது குளிர் சிகிச்சை. பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் குழந்தையின் உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குறைத்து, 72 மணி நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு மெல்ல மெல்லச் சூடேற்றுவார்கள். ஆக்சிஜன் குறைந்த அந்தச் சில நிமிடங்களோடு மூளையின் சேதம் முடிந்துவிடுவதில்லை. சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலையாகச் செல்கள் சாகத் தொடங்குகின்றன. அந்த அலையைத் தடுக்கத்தான் குளிர். என் மகளுக்கு அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் என் பிள்ளை ஓடியாடியிருக்குமே என்று எத்தனையோ ராத்திரி விழித்துக் கிடந்திருக்கிறேன்.

அப்புறம்தான் ஹீலிக்ஸ் ஆய்வைப் பற்றி ஒரு குழந்தை நல மருத்துவர் சொன்னார். இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு. 2021-ல் முடிவு வெளியானது. குளிர் சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதக் குழந்தைகள் இறந்துபோயிருக்கிறார்கள். பெறாதவர்களில் 31 சதவீதம். பணக்கார நாடுகளில் உயிர் காத்த அதே சிகிச்சை இது. நம் பக்கத்துக் குழந்தைகள் பலருக்குப் பிரசவத்துக்கு முன்பே பாதிப்பு தொடங்கிவிடுவது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த முடிவைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆனால் கைநழுவிப் போன அற்புதம் என்று எதை நினைத்து நான் அழுதேனோ, அது அப்படிப்பட்ட நிச்சயமான மருந்து இல்லை என்று தெரிந்தபோது மார்பில் இருந்த கல் இறங்கியது.

அடுத்த ஆசை ஆக்சிஜன் அறை. அழுத்தம் கூட்டிய அறைக்குள் குழந்தையை வைத்துச் சுத்த ஆக்சிஜன் கொடுப்பது. கேட்டவுடன் மனசு ஒப்புக்கொள்ளும். ஆக்சிஜன் இல்லாமல் வந்த கேடு ஆக்சிஜனால் போகாதா? நகையை அடகு வைத்தால் நாற்பது முறை கொடுத்துவிடலாம் என்று என் நாத்தனார் கணக்கே போட்டுவிட்டாள். நானும் பீரோச் சாவியை எடுத்துவிட்டேன்.

எங்கள் மறுவாழ்வு மருத்துவர்தான் உட்கார வைத்துப் பேசினார். கனடாவின் கியூபெக்கில் 111 குழந்தைகளுக்கு இதைச் சோதித்து 2001-ல் லான்செட் இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்கு அழுத்தம் கூட்டிய சுத்த ஆக்சிஜன், மீதிப் பேருக்குக் கொஞ்சமே அழுத்தம் கூட்டிய சாதாரணக் காற்று. இரண்டு பக்கமும் குழந்தைகள் முன்னேறினார்கள், ஒரே அளவுக்கு. "செத்துப்போன செல்லுக்கு இன்னைக்கு ஆக்சிஜன் போய் என்னம்மா செய்யும்? மிச்சம் இருக்கிற செல்லுக்கு வேலை கொடுங்க" என்றார். ஸ்டெம் செல் பற்றியும் கேட்டேன். ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களைத் தவிர மற்றதற்கெல்லாம் அது ஆராய்ச்சியாக மட்டுமே நடக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்வதைக் காட்டினார். சாவி பீரோவுக்கே திரும்பிப் போனது.

வேலை கொடுப்பது என்றால் என்ன என்று பிசியோதெரபி மேடம் வீட்டுக்கு வந்த நாளில்தான் எனக்குப் புரிந்தது. அதுவரை பயிற்சி என்றால் பிள்ளையைப் படுக்க வைத்துக் கையையும் காலையும் நாம் இழுத்து மடக்கி நீட்டுவது என்றே இருந்தேன். அன்று இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். மேடம் தட்டை வாங்கித் தரையில் வைத்தார். ஸ்பூன் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினார். பிள்ளையின் முதுகு சாயாமல் மூலைச் சுவரோடு உட்கார வைத்தார். ஈரத்துணி மேல் தட்டை வைத்தார், நகராமல் இருக்க. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எடுத்துக் கொடுக்காதீங்கம்மா. அவளே எடுக்கட்டும்."

அவள் கை நடுங்கிக்கொண்டே போனது. ஸ்பூன் கவிழ்ந்தது. சாம்பார் கவுனெல்லாம். எங்கள் ஆச்சி, "பச்சப்புள்ளைய ஏன் இப்படிப் போட்டு வதைக்கிறீங்க?" என்று எழுந்து போய்விட்டார். வாய்க்குப் போன முதல் துண்டு இட்லி கடுகளவுதான் இருக்கும். அதை அவள் மென்ற விதத்தைப் பார்த்திருந்தால் ஆச்சியும் உட்கார்ந்திருப்பார்.

ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக்கும் அவர் குழுவும் இந்த நோய்க்கான சிகிச்சைகளை டிராஃபிக் விளக்குபோல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துப் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஆக்சிஜன் அறை சிவப்பில் இருக்கிறது. குழந்தை தனக்கு வேண்டிய ஒரு காரியத்தைத் தானே செய்து செய்து பழகுவது பச்சையில். பாதிக்கப்படாத மூளைப் பகுதி புது வேலையைக் கற்றுக்கொள்வது அப்படித்தான்.

இதற்காக மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. தசை இறுக்கத்துக்கு மருந்து, ஃபிட்ஸுக்கு மாத்திரை, காலுக்கு ஸ்பிளின்ட், இடுப்பு மூட்டு விலகுகிறதா என்று அவ்வப்போது எக்ஸ்ரே எல்லாம் உண்டு. வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறாள். தனியாக நடப்பாளா என்று கேட்டால், அநேகமாக மாட்டாள். இதை எழுத என் கை இப்போது நடுங்குவதில்லை.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததும் அழாத, ஃபிட்ஸ் வந்த குழந்தை இருந்தால், "சில பிள்ளைக மெதுவாத்தான் நடக்கும்" என்று யாராவது சொல்வதைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். நாலு மாதம் ஆகியும் தலை நிற்கவில்லையா, கட்டைவிரலை உள்ளே மடக்கியே வைத்திருக்கிறதா, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டுகிறதா என்று பாருங்கள். தேர்ந்த மருத்துவர்கள் ஐந்து மாதத்துக்குள்ளேயே மூளை முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்க முடியும். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். இந்த மாதமே போங்கள்.