ஆயில் போல்ட் மழுங்கினால்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல், பொம்மை, ஃபியூஸ் கேரியர் என்று எதைச் செய்தாலும், சூளையில் எவ்வளவு சுருங்கும் என்று முதலில் கணக்குப் போடுவார்கள். அதே ஊரில் பைக் ஆயில் மாற்றும்போது மட்டும் சூடு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை!

என்ஜின் உறை அலுமினியம், ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட் எஃகு. சூடேறினால் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரியும். வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றிப் பாருங்கள், பிடி தளரும். (கொதிக்கும் ஆயில் கையில் பட்டால் தோல் உரியும், ஜாக்கிரதை.)

தலை மழுங்குவதற்குப் பெரும்பாலும் ஸ்பேனர்தான் காரணம். ஓபன் ஸ்பேனர் 2 முகத்தை மட்டும் பிடிக்கும். அறுமுனை சாக்கெட் 6 முகத்தையும் பிடிக்கும். ஏற்கெனவே மழுங்கிவிட்டதா? வைஸ் கிரிப். அதுவும் வழுக்கினால், தலையின் ஓரத்தில் உளியை வைத்துக் கழற்றும் திசையில் தட்டுவது நம் மெக்கானிக் அண்ணன்களின் வழி. முரட்டு வைத்தியம்தான், ஆனால் அந்த அதிர்வுக்குப் பல போல்ட்டுகள் அசைந்துகொடுக்கும். கீழிருந்து பார்த்து எதிர்க்கடிகாரத் திசை, மறக்க வேண்டாம்.

பூட்டும்போது புது போல்ட், புது வாஷர். தயவுசெய்து காலால் மிதித்து முறுக்காதீர்கள். உறையில் மரை போய்விட்டால் லேத் பட்டறைக்குப் போய் ஹெலிகாயில் (புது மரைச் சுருள்) போட வேண்டிவரும்; அந்தச் செலவில் எத்தனையோ போல்ட் வாங்கலாம்.