மண்ணாங்கட்டி என்பது எங்கள் அப்பா பெயர்

தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயரின் முதல் எழுத்து போதும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஓர் எழுத்துக்குள் எங்கள் அப்பாக்கள் பத்திரமாக இருந்தார்கள். தாமல் சேரியிலிருந்து படித்து வெளியே வந்த நாங்கள் கு., ம., அ., பி. என்று கையெழுத்துப் போட்டவரை யாரும் சிரிக்கவில்லை.

பாஸ்போர்ட் விண்ணப்பம் 'சர்நேம்' கேட்டது. வேலைக்குச் சேர்ந்த இடத்துக் கணினியும் கேட்டது. எழுத்தை விரித்தோம்: குப்பன், மண்ணாங்கட்டி, அமாவாசை, பிச்சை. அன்றிலிருந்து அலுவலக மின்னஞ்சலில் நாங்கள் மிஸ்டர் மண்ணாங்கட்டி, மிஸ் அமாவாசை. "இன்னைக்கு அமாவாசை லீவா?" என்று ஒருவர் கேட்பார், அறையே சிரிக்கும். முகம் சுருங்கினால், "சும்மா ஜோக்குப்பா."

பிள்ளை தங்காத வீட்டில் எமனை ஏமாற்ற வைக்கும் பெயர்கள்தானே, எல்லாச் சாதியிலும் உண்டே என்பார்கள். உண்டு. எழுத்தாளர் ந. பிச்சமூர்த்தியின் இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். அங்கே பிச்சையோடு மூர்த்தி சேர்ந்தது, யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பிச்சை வெறும் பிச்சையாகவே பள்ளிப் பதிவேட்டிலும் ஏறினார். மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயம் சூத்திரனுக்கு இழிவான பெயர் வை என்கிறது. அந்த நான்கு வருணத்துக்கும் வெளியே நின்ற எங்களுக்கு எதுவும் விதிக்கத் தேவைப்படவில்லை.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. நல்ல தீர்மானம். ஆனால் பட்டம் வாலில் இருந்தால் வெட்டலாம்; பெயரே இழிவாக இருந்தால்? காத்தவராயன் தன் ஆசிரியர் பெயரை எடுத்துக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். தொல். திருமாவளவன் தன் தந்தை இராமசாமிக்கே தொல்காப்பியன் என்று பெயர் சூட்டினார். அது விடுதலையின் ஒரு வழி. அரசிதழில் பெயர் மாற்றிக்கொண்ட தோழர்களை வணங்குகிறோம்.

நாங்கள் மாற்றப் போவதில்லை. பெயரை மாற்றினால் சிரித்தவர்களுக்கு ஒரு வேலையும் இல்லாமல் போகும். வெட்கப்பட வேண்டியது அவர்கள்.

மண்ணாங்கட்டி என்றால் மண்கட்டி. தாமல் ஏரிப் பாசனத்தில் அந்த மண்ணைத்தான் எங்கள் அப்பா ஆயுள் முழுக்க உடைத்தார். இதே செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையால்தான் எங்கள் மக்களுக்குப் பஞ்சமி நிலம் என்று ஒன்று பிறந்தது. பெயரிலேயே மண் உள்ள மனிதர் பெயரில் ஒரு சென்ட் மண் கிடையாது.

அடுத்த முறை அந்தப் பெயரைக் கேட்டால் இதையும் கேளுங்கள்: அந்த நிலமெல்லாம் இப்போது யார் பெயரில் இருக்கிறது?