ஹெட்டில் கை வைத்தவர்

கோவையில் ரேஸ் இன்ஜின் கட்டுகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்றேன். நண்பர், கணபதிப் பக்கம் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி காரை உருவாக்கிய கரிவரதனின் ஊர் இது. செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

மேசைமேல் பிரித்துப் போட்ட மாருதி எஸ்டீம் காரின் இன்ஜின், 1298 சிசி. காரின் சொந்தக்காரரான இளைஞர், டர்போ போடுவதா, சிலிண்டர் ஹெட்டின் காற்று வழிகளைத் தேய்த்துச் சீராக்கும் ஹெட் வேலையோடு நிறுத்துவதா என்று இரண்டு மனதாக நின்றார்.

எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவு பெட்ரோல்தான் எரியும். டர்போ, வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே காற்றை அழுத்தித் திணிக்கிறது. அரை பார் கூடுதல் அழுத்தம் என்றால் கணக்குப்படி ஒன்றரை மடங்குக் காற்று. கூடவே சூடும் ஏறும், கலவை தானாக வெடிக்கும் நாக்கிங் வரும். கம்ப்ரஷனைக் குறைத்து, வலுவான பிஸ்டன், இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர் என்று போட்டுக்கொண்டே போக வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேமை மாற்றினால் மேல் ஆர்பிஎம்மில் நன்றாக இழுக்கும், கீழே சோர்ந்துபோகும். ஹெட் வேலையில் கூடும் பவர் டர்போவை நெருங்காது. ஆனால் சூட்டை அவ்வளவாக ஏற்றாமல் கிடைக்கும் பவர் அது.

அந்த வேலையைச் செய்பவருக்கு ஐம்பது வயது இருக்கும். எட்டாம் வகுப்போடு பஸ் இன்ஜின் ரீபோரிங் பட்டறைக்கு எடுபிடியாக வந்தவர். கையில் டை கிரைண்டர். காற்றுப் போகும் வழிக்குள் விரலை விட்டுத் தடவுகிறார், தேய்க்கிறார், மறுபடி தடவுகிறார்.

"ஓட்டையப் பெருசு பண்ணுனா பவர் வரும்னு நெனைக்கறாங்ணா. ரொம்பப் பெருசானா காத்தோட வேகம் செத்துப்போயிரும்ங். வால்வு சீட்டுக்கு முன்னாடி ஒரு வளைவு இருக்குது பாருங், அதுலதான் எல்லாம் இருக்குதுங்."

பிறகு ஹெட்டில் பெட்ரோல் எரியும் அறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி அளந்தார். நான்கும் ஒரே அளவாக வரும்வரை விடவில்லை. அலுமினியத் தூள் அவர் இமைகளில் படிந்திருந்தது. மூக்கில் ஒரு கைக்குட்டை மட்டும். என் கண் அந்தக் கையைவிட்டு நகரவில்லை.

இவருக்கு வேலை கொடுப்பது டியூனிங் கடைகள். ஸ்டேஜ் ஒன்று, ஸ்டேஜ் இரண்டு என்று பெயர் வைத்துப் பெருந்தொகைக்குப் பில் போடுகிறார்கள். அதில் நாலில் ஒரு பங்குகூட இவருக்கு வருவதில்லை; அதையும் இழுத்தடித்தே கொடுக்கிறார்கள். கார் ஜெயித்தால் கதவில் கடையின் ஸ்டிக்கர் மின்னுகிறது. விரலால் காற்றை அளந்தவனின் பெயர் எங்கே? அந்தக் கடைகளில் ஒருவருக்காவது இப்படி ஒரு வளைவைத் தேய்க்கத் தெரியுமா? வித்தை ஓரிடத்திலும் பணம் வேறிடத்திலும் இருந்தால், இந்தத் தொழிலுக்கு எந்தப் பையன் வருவான்? இவர் பிள்ளைகளில் யாரும் வரவில்லை.

கையில் பணம் குறைவாக இருந்து, பந்தயத்தை முழுசாக ஓடி முடிக்க வேண்டுமென்றால், முதலில் ஹெட் வேலை, டர்போ பிறகு. அந்த இளைஞரிடமும் இதையே சொன்னேன். இன்ஜினைத் திருத்தக் கொடுப்பவர்களே, ஹெட்டில் கை வைப்பது யார் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முடிந்தால் கூலியை நேராக அவர் கையில் கொடுங்கள்.