வேலை கிடைத்த பிறகும் வருகிற போன்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

அத்திப்பட்டு என்றால் 'சிட்டிசன்' படத்தில் காணாமல் போன ஊரா டீச்சர் என்று இன்னமும் கேட்கிறார்கள். அது அத்திப்பட்டி, கதைக்காக உண்டாக்கிய ஊர். எங்கள் அத்திப்பட்டு மீஞ்சூருக்குப் பக்கத்தில், கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில் இருக்கிறது. பக்கத்திலேயே வடசென்னை அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம். ஊர் எங்கேயும் போகவில்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைத்தான் பிறகு கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிற வேனில் பார்ப்பேன்.

சொல்ல வந்தது ஒரு தாயையும் மகளையும் பற்றி. இருவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம்.

அம்மா என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். 1999-ல் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். "டீச்சர், என்ன படிக்கட்டும்?" நான் படித்தது ஆசிரியர் பட்டயப் பயிற்சி. எனக்குத் தெரிந்த உலகம் அதுதான். யோசிக்காமல் சொன்னேன்: "ரெண்டு வருஷம் டீச்சர் டிரெயினிங் முடி, எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சு வை, என்னை மாதிரி வேலை தானா வரும்."

வரவில்லை. அவள் முடித்துப் பதிந்தாள், கல்யாணம் ஆயிற்று, பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். ஊருக்கு ஊர் தனியார் பயிற்சிப் பள்ளிகள் பெருகி, பட்டயம் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் பதிவு மூப்பு மட்டும் போதாது, தகுதித் தேர்வு எழுதவேண்டும் என்றார்கள். 2012 ஜூலையில் நடந்த முதல் டெட் தேர்வு ஞாபகம் இருக்கிறதா? விண்ணப்பித்தவர்கள் 6 லட்சத்துக்கும் மேல், தேறியவர்கள் 2,448 பேர். அவள் தேறவில்லை. ஒரு தனியார் நர்சரி பள்ளியில் வேலைக்குப் போனாள். எவ்வளவு சம்பளம் என்று நான் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அவளுடைய மகள் 2020-ல் பிளஸ் டூ முடித்தபோது என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று. ஒரு கல்வி அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட்டு, அதன் மூலம் பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள் ஈ சேர்ந்தாள்.

அறக்கட்டளை என்றதும் எல்லோருக்கும் அகரம் நினைவுக்கு வரும். நடிகர் சூர்யா 2006-ல் தொடங்கியது. 2010-ல் 'விதை' திட்டம் ஆரம்பித்தார்கள். விண்ணப்பம் போட்ட பிள்ளையின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள், கல்லூரிகள் கட்டணமில்லாமல் இடம் தருவார்கள். 2025-ல் 15 ஆண்டு நிறைவு விழா நடந்தபோது 51 டாக்டர்கள், 1,800 இன்ஜினியர்கள் என்று கணக்குச் சொன்னார்கள். டிவியில் பார்த்து நானும் கண் கலங்கினேன். ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு வேலை ஒளிந்திருக்கிறது. சேர்த்துவிட்ட பிள்ளை நான்கு வருடம் தங்கவேண்டும், முடிக்கவேண்டும், வேலைக்குப் போகவேண்டும், போன வேலையில் நிற்கவேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை மேடையில் பார்ப்பது அபூர்வம்.

இவளைச் சேர்த்தது அகரம் அல்ல, அதைவிடச் சிறியது. பெயர் போடவேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பெண், அதே அறக்கட்டளையில் படித்து வந்தவள். பிள்ளைகள் அவளை 'அக்கா' என்பார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் என்று ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். யார் எத்தனை பேப்பர் பாஸ், யாருடைய அப்பா குடிக்கிறார், யாருக்கு எந்த நேரத்தில் போன் எடுக்க முடியும், எல்லாம் அதில் உண்டு. கொரோனா சமயத்தில் வகுப்பெல்லாம் போனில்தான் நடந்தது. வீட்டில் இருப்பதோ ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். பழைய மாணவர் ஒருவரிடம் சொல்லி இவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தது அந்த அக்காதான்.

2022-ல் பிள்ளைகள் மறுபடி தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். இவளுக்கு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் இரண்டிலும் அரியர். வீட்டில் சொல்லவில்லை. அக்காவின் போனையும் எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். விண்ணப்பத்தில் 'தெரிந்தவர்' என்ற இடத்தில் என் நம்பர் இருந்ததாம். "மேடம், அவ ஆன்சர் பண்ண மாட்டேங்கறா. மார்க்குக்காக மட்டும்னு எனக்குத் தோணல. கொஞ்சம் நேர்ல பாக்கறீங்களா?"

மறுநாள் விடியற்காலையில் போனேன். அம்மா வாசலில் நின்றாள். ஆறரை மணிக்கு தெருமுனையில் கம்பெனி பஸ் நின்றது. தொப்பியைக் கையில் பிடித்தபடி மகள் இறங்கினாள். அப்பாவுக்கு வேலையிடத்தில் கையில் அடிபட்டு இரண்டு மாதமாக வருமானம் இல்லையாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். பகலில் கல்லூரி, எங்கே படிப்பது?

என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

நான் அந்த அக்காவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். புத்தி சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "மாசம் எவ்வளவு இருந்தா வீடு ஓடும்?" தொகையைக் கேட்டுக்கொண்டு, நான்கு மாதத்துக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து தருவதாக ஏற்பாடு செய்தாள். அந்த வருடம் செப்டம்பரில்தான் புதுமைப் பெண் திட்டம் ஆரம்பித்திருந்தார்கள், மாதம் 1,000 ரூபாய். அதற்கு விண்ணப்பிக்க வைத்தாள். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் சொல்லிக் கொடுக்க, ஓரகடத்தில் வேலை பார்க்கும் ஒரு சீனியர் இரவு ஒன்பது மணிக்குப் போனில் வந்தான். இரண்டு அரியரும் போயின.

வேலை உடனே கிடைத்ததா? இல்லை. ஏழு கம்பெனியில் குரூப் டிஸ்கஷனிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். இங்கிலீஷில் பதில் தெரியும், வாய் திறக்காது. அக்கா வாரம் இரண்டு நாள் போலி இன்டர்வியூ நடத்தினாள். எட்டாவதில் எடுத்தார்கள். 2024-ல் வேலைக்குச் சேர்ந்தாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்காவின் போன் நிற்கவில்லை. பிஎஃப் பிடித்தார்களா, ஆஃபர் லெட்டரில் பாண்டு இருக்கிறதா, முதல் சம்பளத்தை முழுதும் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு பஸ் காசுக்கு நிற்கிறாளா என்றெல்லாம் விசாரிப்பாள். இப்போது இந்தப் பெண்ணும் முதலாமாண்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள்.

பணி ஓய்வு பெற்ற என் போன்றவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். நாங்கள் வழி சொன்னோம், திரும்பிப் பார்க்கவில்லை. 1999-ல் நான் சொன்னது தப்பான யோசனை என்றுகூடச் சொல்லமாட்டேன், அன்றைக்கு அது சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் 2003-லோ 2005-லோ ஒரு போன் செய்து, "என்னம்மா, வேலை வரலியே, வேற ஏதாவது பார்ப்போமா?" என்று கேட்டிருக்கலாம். அவள் வீடு என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறது.

போன வாரம் அந்த அக்கா எனக்கு மறுபடி போன் செய்தாள். மகளைப் பற்றி ஏதோ என்று பதறினேன். "இல்ல மேடம், அவங்க அம்மா பத்தி. ஃபார்ம்ல அம்மா படிப்பு டீச்சர் டிரெயினிங்னு இருக்கு. எங்க சாயங்கால வகுப்புக்கு ஆள் தேடறோம். அவங்களுக்கு இஷ்டம் இருக்குமா? இல்ல மறுபடி டெட் எழுதணும்னு இருக்காங்களா? நீங்க கேட்டுச் சொல்றீங்களா?"

டெட் தேறினாலும் நியமனத் தேர்வு தனியாக எழுதவேண்டும். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. எதைச் சொல்ல, எதைச் சொல்லாமல் விட? ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். இந்தத் தடவை யோசனை எதுவும் சொல்லாமல், கேட்டுவிட்டு மட்டும் வரலாம் என்றிருக்கிறேன். சாயங்காலம் பள்ளி விட்டு அவள் வீட்டுக்கு வர ஐந்தரை ஆகும். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.