நூற்கட்டையும் கொழுந்து மூட்டையும்

நான் இக்கல்லூரிக்கு வருமுன் ஹட்டனுக்கு அண்மையில் உள்ள ஒரு பாடசாலையில் படித்தேன். அப்போது தரம் 9. எளிய பொறிகள் என்ற பாடம் முடிந்ததும் விஞ்ஞான டீச்சர் ஒரு செயற்றிட்டம் தந்தார். குறைந்தது மூன்று எளிய பொறிகளைச் சேர்த்து ஒரு கூட்டுப்பொறி செய்ய வேண்டும். “கடையில் வாங்கிய சாமான் ஒன்றும் இருக்கக் கூடாது. உங்கள் ஊருக்குப் பயன்படுவதாக இருக்க வேண்டும்” என்பது அவரது நிபந்தனை.

அதற்கு முன்னர் எங்களை ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு அழைத்துச் சென்றார். ஊரில் அதை ‘ஸ்டோர்’ என்றுதான் சொல்வோம். மேல்மாடியில் வாடிய கொழுந்து சரிவான வழியால் கீழே இறங்குகிறது. அது சாய்தளம். கீழே உருட்டும் இயந்திரத்தில் ஒரு சில்லைச் சுழற்றினால் திருகு இறங்கி, மூடி கொழுந்தை அழுத்துகிறது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், முதலில் தம் பங்களா வராந்தாவில் கையால்தான் கொழுந்தை உருட்டுவித்தார். 1872அளவில் அதற்கென ஓர் இயந்திரம் அமைத்தார். டீச்சர் இன்னொன்றும் சொன்னார். நீரை மேலேற்றும் பொறிகளைப் பற்சில்லுகளும் சுழற்றுதண்டும் கொண்டு அமைத்து, அவற்றை 1206இல் படங்களோடு நூலாக எழுதி முடித்தவர் அல் ஜஸரீ. “பெரிய இயந்திரம் எதைப் பிரித்தாலும் உள்ளே இந்தச் சின்னப் பொறிகள்தான் பிள்ளைகள்” என்றார்.

எங்கள் குழுவில் மூவர். அதில் ஒருத்தி என் உயிர்த்தோழி. அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பவர். சரிவில் பறித்த கொழுந்தை மூட்டையாகக் கட்டி, தலையில் சுமந்து, பாதையோரத்தில் நிறுக்கும் இடத்துக்கு ஏற வேண்டும். மழை நாளில் நனைந்த கொழுந்து இன்னும் கனக்கும். “மூட்டையை மேலே இழுக்கிற பொறி செய்வோமா?” என்று கேட்டவள் அவள்தான்.

தையற்கடையில் வெற்று நூற்கட்டைகளைக் கேட்டு வாங்கினோம். இரண்டு கப்பிகளாயின. ஒன்று மேலே நிலையாக இருக்கும், மற்றது சுமையோடு சேர்ந்து நகரும். பெரிய கட்டையொன்றில் உடைந்த குடையின் கம்பியை வளைத்துக் கைபிடியாகப் பொருத்தினோம். அது சில்லும் அச்சாணியும். பாதி வழியில் கையை விட்டால் மூட்டை பின்னால் ஓடிவிடாதிருக்க, ஒரு மரச்சட்டத்தில் பழைய சைக்கிள் டியூப் துண்டை அறைந்து, கட்டையை அழுத்திப் பிடிக்கும் நெம்பாக வைத்தோம். மலைச்சரிவுக்கு ஒரு பலகை.

கைபிடியைப் பூட்டுவதற்கு முன் கப்பிகளை மட்டும் சோதித்தோம். வாப்பாவின் கடையிலிருந்து ஒரு கிலோ சீனிப் பையைக் கொண்டு போனேன். அதன் நிறை ஏறத்தாழ 10 நியூட்டன். கணக்குப்படி 5 நியூட்டன் எத்தனம் போதும். விற்றராசு 7 காட்டியது. வேக விகிதம் 2, பொறிமுறை நயம் 1.4, வினைத்திறன் ஏறத்தாழ 70 வீதம். மிச்சத்தை உராய்வும் அசையும் கப்பியின் நிறையும் தின்றுவிட்டன. அதற்கே நாங்கள் துள்ளிக் குதித்தோம்.

அன்று அவளுடைய லயத்து வாசலில்தான் வேலை நடந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த அவளுடைய அம்மா, கூடையைக் கழற்றி வைத்துவிட்டு, “நானும் இழுத்துப் பாக்கட்டா?” என்று நூலைப் பிடித்தார். மெல்ல இழுத்தார். பிறகு சொன்னார்:

“பாரம் கொறைஞ்சிருக்கு பாப்பா. ஆனா கயித்த ரெட்டிப்பா இழுக்கணுமே. நாங்க மலையில நேரா ஏறாம வளைஞ்சு வளைஞ்சு ஏறுற மாதிரித்தான். மூச்சு வாங்காது, வழி நீளம். வேல அதே வேலதான்.”

புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தும் எனக்கு விளங்காதது அந்த நிமிடம் விளங்கியது. பொறி விசையைக் குறைக்கும், அதற்கு ஈடாகத் தூரத்தை வாங்கிக்கொள்ளும். வேலையை அது குறைப்பதில்லை.

கண்காட்சி நாள் வந்தது. பேசும் பொறுப்பு எனக்கு. நடுவர் கேட்டார்: “இந்தப் பொறி வேலையைக் குறைக்கிறதா?” மற்றக் குழுவினர் “ஆம்” என்று சொல்லியிருந்தார்கள். நான், “இல்லை சேர். மலையில் நேராக ஏறாமல் வளைந்து ஏறுவதைப் போல. மூச்சு வாங்காது, ஆனால் வழி நீளம்” என்றேன். நடுவர் எழுந்து நின்று கைதட்டினார். “இது உங்கள் சொந்தச் சிந்தனையா மகள்?” என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

தோழி என் அருகில்தான் நின்றாள். ஒன்றும் பேசவில்லை. முதலிடம் கிடைத்தது. வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் சொன்னாள்: “அம்மாகிட்ட சொல்லணும், அவங்க சொன்னதுக்குத்தான் பரிசுன்னு.” அதில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இரவு கடையில் வாப்பா தராசுத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தராசும் ஒரு நெம்புதான். “நிறுவையில கொறை வெச்சா வியாபாரத்துல பரக்கத் இரிக்காது மகள்” என்று அவர் அடிக்கடி சொல்வார். 1121இல் தராசைப் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதிய அல் காஸினீ அதற்கு ‘ஞானத் தராசு’ என்று பெயர் வைத்ததைப் பிற்பாடு படித்தபோதும் எனக்கு அந்த இரவுதான் ஞாபகம் வந்தது. வாழ்நாளெல்லாம் தன் உழைப்பைப் பிறர் கையிலுள்ள தராசில் நிறுக்கக் கொடுக்கும் ஒரு தாய்க்கு நானும் நிறுவையில் குறை வைத்துவிட்டேன்.

சென்ற விடுமுறையில் லயத்துக்குப் போனேன். அவர் பிளேன்டீ ஊற்றித் தந்தார். நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். “வாயில வந்தத சொன்னேன். அதுக்குப் போயி அழுவுறியே புள்ள” என்றார். எங்கள் பொறி, கைபிடி துருப்பிடித்தபடி, அடுப்புக்கு மேலே பரணில் இருந்தது. அதை எறிய மனமில்லையாம்.

நம் சஞ்சிகையில் இதை எழுதப் போகிறேன் என்றேன். “பேரெல்லாம் போடாத” என்றார். ஆகவே பெயரை எழுதவில்லை. ஆனால் அந்தப் பதில் என்னுடையதல்ல. நடுவருக்கு அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். அதைச் சொன்னவர், மலையில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா.